பதற்றத்துக்கு அட்டை கிடைக்குமா, டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 36. கணவர், ஆறு வயது மகளுடன் பிலடெல்பியாவின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். மென்பொருள் சோதனை வேலை; எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா. கிரீன் கார்டுக்கு (நிரந்தரக் குடியிருப்பு) நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகி வரிசையில் நிற்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவில் ஆட்குறைப்பு தொடங்கியதிலிருந்து இரவானால் படபடப்பு, மூச்சுமுட்டல், நெஞ்சடைப்பு. மாரடைப்பு என்று பயந்து ஒருமுறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போனோம். இசிஜி சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். குடும்ப மருத்துவர் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். வயிற்றைப் புரட்டியது, படபடப்பு இன்னும் கூடியது. பன்னிரண்டாம் நாள் நிறுத்திவிட்டேன்.

பிறகு அலுவலகத் தோழி ஒருத்தி கஞ்சா கலந்த ‘கம்மி’ (மென்று தின்னும் ஜெல்லி) மிட்டாய் கொடுத்தாள். பாதி தின்றேன், மாதக்கணக்கில் வராத தூக்கம் வந்தது. அடுத்த வாரம் முழுதாக ஒன்று தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து, செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். கணவர் அவசர உதவி எண் 911ஐ அழைக்கப் போய்விட்டார். “மெடிக்கல் கார்டு எடுத்துவிட்டால் முறையாக, சரியான அளவில் வாங்கலாம். பதற்றத்துக்குக் கொடுக்கிறார்கள்” என்கிறாள் தோழி. உண்மையா? விசாவுக்குச் சிக்கல் வருமா? தை மாதம் திருச்சியில் தம்பி கல்யாணம். போகும்போது சென்னையில் விசா முத்திரையும் வாங்க வேண்டும். அந்த நீண்ட விமானப் பயணத்தை நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்காவது இரண்டு மிட்டாய் கொண்டுபோகலாமா? “சித்தர்களே கஞ்சாவை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்” என்கிறார் கணவர்.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

விமானக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இரண்டு வேண்டாம், ஒன்று வேண்டாம், பாதியும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கையில் மீதி இருந்தால், பெட்டி கட்டும் நாள்வரை காத்திராமல் மகளின் கைக்கு எட்டாதபடி இன்றே அப்புறப்படுத்துங்கள். குழந்தைக்கு அது வெறும் மிட்டாய்தான்.

தோழி சொன்னது உண்மை. பென்சில்வேனியாவில் பதற்ற நோய்க்கு மருத்துவக் கஞ்சா அட்டை கிடைக்கும். 2016 ஏப்ரலில் ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட சட்டத்தில் தகுதியுள்ளவையாக 17 நோய்கள் இருந்தன. புற்றுநோய், வலிப்பு, தீராத வலி போன்றவை அதில் உண்டு, பதற்றம் இல்லை. மாநில ஆலோசனைக் குழு பரிந்துரை செய்ய, அப்போதைய சுகாதாரச் செயலர் ரேச்சல் லெவின் ஒப்புக்கொள்ள, 2019 ஜூலை 20 முதல் பதற்ற நோய்களும், உடல் தன்னையறியாமல் வெட்டி இழுக்கும் டூரெட் நோயும் பட்டியலில் சேர்ந்தன. அதன்பின் அட்டை வாங்குவோர் சொல்லும் காரணங்களில் பதற்றம் முன்வரிசைக்கு வந்துவிட்டது. வலி என்றால் காரணம் பார்க்க ஸ்கேன் கேட்கலாம். பதற்றம் இருக்கிறதா என்றால் நோயாளியின் சொல்தான் சான்று. வரிசை நீண்டதில் வியப்பில்லை.

ஆனால் அதே அறிவிப்பில் லெவின் சொன்ன இன்னொன்று தோழிகள் வழியாக வந்து சேர்வதில்லை. பதற்றத்துக்குக் கஞ்சா முதல் சிகிச்சை அல்ல. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகவும் அதைக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் பரிந்துரைத்தால் அந்தச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றார். அனுமதித்தவரே இப்படிச் சொல்லித்தான் அனுமதித்தார். பன்னிரண்டு நாளில் மாத்திரையை விட்டுவிட்டு அட்டைக்குப் போவது, அவர் சொன்ன வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பது.

வழிமுறை எளிதுதான். மாநிலச் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ போதும், குடியுரிமை கேட்பதில்லை. நான்கு மணி நேரப் பயிற்சி முடித்து இதற்கெனப் பதிவு செய்த மருத்துவர் ஒருவர் சான்றளிப்பார். அவருடைய கட்டணம் உங்கள் கையிலிருந்து, காப்பீடு தராது. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 50 டாலர். அட்டை வந்ததும் டிஸ்பென்சரிக்கு, அதாவது உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாக் கடைக்கு, போகலாம். மாத்திரை, எண்ணெய், டிங்சர், களிம்பு, ஆவியாக்கி உள்ளிழுக்கும் இலை என்று கிடைக்கும். புகைப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. கஞ்சா கலந்த தின்பண்டம் விற்கவும் அந்தச் சட்டம் டிஸ்பென்சரிகளுக்கு அனுமதி தரவில்லை. ஆகவே நீங்கள் தின்ற மிட்டாய் எங்கிருந்து வந்ததென்று உங்கள் தோழிக்குத்தான் தெரியும். டெலவேர் ஆற்றைக் கடந்து நியூஜெர்ஸியிலிருந்து வந்திருக்கலாம்.

அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘தகுதி’ என்ற சொல்லை மருத்துவச் சொல்லாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சட்டச் சொல். கிழக்கே நியூஜெர்ஸி 2018இலேயே பதற்றத்தைச் சேர்த்துவிட்டது. 2022 ஏப்ரலில் இருந்து அங்கே 21 வயதானவர் எவரும் காரணமே சொல்லாமல் வாங்கலாம். மேற்கே ஒஹாயோவில், பென்சில்வேனியா சரி என்ற அதே 2019இல் மாநில மருத்துவ வாரியம் பதற்றத்தைச் சேர்க்க மறுத்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருமணி நேரம் கார் ஓட்டினால் ஒஹாயோ. அந்த ஒருமணி நேரத்தில் நோயும் மாறாது, மருந்தும் மாறாது. நியூயார்க்கில் இப்போது நோய்ப் பட்டியலே கிடையாது, முடிவை மருத்துவரிடம் விட்டுவிட்டார்கள். டெக்சஸில் போருக்குப் பிந்தைய அதிர்ச்சி போன்ற மன அதிர்ச்சி நோய்க்கு 2021இல் அனுமதி தந்தார்கள். வெறும் பதற்றத்துக்குத் தரவில்லை. இது அறிவியல் கண்டுபிடிப்புகளின் வரைபடம் அன்று. யார் மனுக் கொடுத்தார்கள், குழுவில் யார் இருந்தார்கள், எந்தக் கட்சி ஆண்டது என்பதன் வரைபடம். பட்டியலில் இருப்பதால் மருந்து வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். நானும் இதே மாநிலத்தில்தான் மனநல மருத்துவம் பார்க்கிறேன். சான்றளிக்கும் மருத்துவர் பட்டியலில் என் பெயர் இல்லை. சேராதது என் விருப்பம். கஞ்சா கெட்டது என்ற ஊர்ப்பேச்சினால் அல்ல. கீமோதெரபி வாந்தியில் துவண்டவர்களுக்கும், வலிப்பு நிற்காத குழந்தைகளுக்கும் அந்தச் செடியிலிருந்து வந்த மருந்துகள் உதவியதைப் பார்த்திருக்கிறேன். கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்துக்கு 2018இல் மத்திய மருந்து ஆணையமே ஒப்புதல் தந்தது. பதற்றத்துக்கு மட்டும் சான்று மெலிந்து கிடக்கிறது. அதுதான் என் தயக்கம்.

இனி உங்கள் மிட்டாய்க்கு வருவோம். பாதி தின்றபோது தூக்கமும் முழுதாகத் தின்றபோது மரணபயமும் வந்ததை நீங்கள் புதிராக எழுதியிருக்கிறீர்கள். புதிரே இல்லை. கஞ்சாவில் போதை தரும் பொருள் டிஎச்சி. சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உடல்நலமுள்ள 42 பேரைப் பிரித்து, சிலருக்கு 7.5 மில்லிகிராம் டிஎச்சி, சிலருக்கு 12.5, சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, ஒரு பொய் நேர்முகத் தேர்வில் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் ஐந்திலக்க எண்ணிலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். (எனக்குக் கஞ்சா இல்லாமலே அதை நினைத்தால் வியர்க்கிறது.) குறைந்த அளவு எடுத்தவர்கள் மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். 12.5 எடுத்தவர்களுக்கோ சோதனை தொடங்கும் முன்பே மனம் கெட்டது. இரண்டுக்கும் இடையே 5 மில்லிகிராம்தான். கடையில் விற்கும் கம்மி ஒன்றில் பொதுவாக 10 மில்லிகிராம் இருக்கும். பாதிக்கும் முழுதுக்கும் உள்ள வித்தியாசம் அதே ஐந்து. அமைதிக்கும் பீதிக்கும் நடுவே இவ்வளவு குறுகிய வரப்புள்ள மருந்தை, ஏற்கெனவே பீதி நோயுள்ள ஒருவருக்கு எழுதித்தர எனக்குக் கை வராது. அதிலும் தின்னும் வடிவம் மோசம். வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுகிறவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வந்து நிற்கிறார்கள்.

“டிஎச்சி வேண்டாம், சிபிடி மட்டும் எடுத்துக்கொள்ளலாமே” என்று அடுத்த கடிதம் வரும். கஞ்சாவிலேயே போதை தராத பொருள் ‘கன்னாபிடியால்’, சுருக்கமாகச் சிபிடி (CBD). இதில் நம்பிக்கை தரும் சோதனை ஒன்று உண்டு. 2011இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கூட்டத்தைக் கண்டு அஞ்சும் நோயுள்ள 24 பேரை மேடைப் பேச்சுக்கு நிறுத்தினார்கள். 600 மில்லிகிராம் சிபிடி விழுங்கிய பாதிப்பேருக்குப் பதற்றம் கணிசமாகக் குறைந்தது. ஆனால் எண்களைப் பாருங்கள்: சோதிக்கப்பட்டவர்கள் 24 பேர், ஒரே ஒரு வேளை, அளவு 600 மில்லிகிராம். கடையில் விற்கும் சிபிடி மிட்டாயில் பெரும்பாலும் 10, 25 என்று இருக்கும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் கஞ்சா ஆய்வுகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்தபோது, பதற்றத்தில் சிபிடிக்கு இருப்பது ‘குறைந்த அளவுச் சான்று’ என்றுதான் எழுதின. இதில் ஒரு வேடிக்கை: பதற்றத்துக்கு உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையின் (Cognitive Behavioral Therapy) ஆங்கிலச் சுருக்கமான CBTயையும் தமிழில் எழுதினால் சிபிடி என்றுதான் வரும். உங்கள் மருத்துவர் சிபிடிக்குப் போங்கள் என்றால் எந்தச் சிபிடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் அந்த இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு பாஸ்டனில் நடந்தது, 2022இல் வெளியானது. வலி, தூக்கமின்மை, பதற்றம் அல்லது மனச்சோர்வுக்காக அட்டை வாங்க விரும்பிய 186 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவு உடனே அட்டை வாங்கலாம். மற்றது 12 வாரம் பொறுக்க வேண்டும். கஞ்சாவைச் சோதிக்காமல் அட்டையையே சோதித்தார்கள் என்பதால் எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். 12 வார முடிவில், உடனே அட்டை பெற்றவர்கள் தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் கஞ்சாப் பழக்க நோய் உடனே பெற்றவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. அதிலும் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ அட்டை தேடியவர்களுக்கே ஆபத்து அதிகம். நீங்கள் அந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

அந்தப் பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் எடுப்பவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் வரும். அது கஞ்சா விலகுவதன் அறிகுறி. ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் பதற்ற நோயாளிக்கு அது எப்படித் தெரியும்? ‘பார், மருந்தை விட்டதும் நோய் திரும்பிவிட்டது’ என்றுதான் தோன்றும். மறுபடி எடுத்தால் அடங்கும். மருந்து பலிக்கிறது என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். ‘எனக்கு இது இல்லாமல் முடியாது டாக்டர், எத்தனை தடவை நிறுத்திப் பார்த்தேன் தெரியுமா’ என்று சொல்கிறவர்களில் பலர் இந்தச் சுழலுக்குள் இருப்பவர்கள்.

உங்கள் கணவரின் வாதத்துக்கும் வருகிறேன். சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, மறுக்கவில்லை. சுத்தி செய்து, பிற சரக்குகளோடு சேர்த்து, இன்ன நோய்க்கு இன்ன அளவு என்று வைத்தியர் கொடுத்த பொருள் அது. இன்று கடையில் விற்பது வேறு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவை ஆண்டுதோறும் சோதித்தவர்கள், 1995இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டிஎச்சி 2014இல் 12 சதவீதமாகிவிட்டது என்று கண்டார்கள். டிஸ்பென்சரி இலைகளில் 20ஐத் தாண்டுவதும் சாதாரணம். சித்தரைச் சாட்சிக்கு அழைத்தால், பத்தியத்தையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும்.

இனி விசா. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கும் இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அட்டைக்குச் சான்றளிக்கும் மருத்துவர் நோயைக் கேட்பார், மருந்துகளைக் கேட்பார். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகளா’ என்று கேட்க அவருக்குக் கடமை இல்லை. ஆகவே பெரும்பாலும் கேட்பதில்லை.

மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் குடியேற்றச் சட்டம் மாநிலத்தைப் பார்ப்பதில்லை. 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் முதல் பட்டியலில் ஹெராயினோடு வைத்தது. அதை மூன்றாம் பட்டியலுக்கு இறக்க 2024இல் நீதித்துறை முன்மொழிந்தபோது ‘இனிப் பயமில்லை’ என்று நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. குடியேற்றச் சட்டம் பட்டியல் எண்ணைப் பார்ப்பதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட பொருளா என்று மட்டும் பார்க்கிறது. மூன்றாம் பட்டியலில் இருப்பதும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

குடிமக்கள் அல்லாதவருக்கு இதில் உள்ள முள், தண்டனை பெற்றிருக்க வேண்டிய தேவைகூட இல்லை என்பது. கட்டுப்படுத்தப்பட்ட பொருள் பற்றிய சட்டத்தை மீறியதாக ஒருவர் தம் வாயால் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படலாம். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போகுமுன் நீங்கள் நிரப்பும் டிஎஸ்-160 விசாப் படிவத்திலேயே, கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் பற்றிய சட்டம் எதையாவது எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. பிற்பாடு கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும் அதே கேள்வி வரும். அதோடு மருத்துவப் பரிசோதனை. அங்கே போதைப்பொருள் பழக்கத்தைக் கேட்பார்கள். குடியுரிமை விண்ணப்பம்வரை இது தொடர்கிறது. மாநிலச் சட்டப்படி செய்த கஞ்சாச் செயல்களும் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே அறிவித்தது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பதற்ற நோயாளியைப் பயமுறுத்துவது என் தொழிலுக்கு அழகும் இல்லை. இரண்டு முறை தின்ற மிட்டாயால் உங்கள் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. சட்டப்படி ‘ஒப்புதல்’ என்பதற்கு நிபந்தனைகள் உண்டு, வாய்தவறிச் சொன்னதெல்லாம் ஒப்புதல் ஆகாது. ஆனால் அந்த நிபந்தனைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் குடியேற்ற வழக்கறிஞர். நானும் அல்ல, உங்கள் தோழியும் அல்ல. டிஎஸ்-160 நிரப்புமுன் ஒருமணி நேர ஆலோசனைக்குப் பணம் கொடுங்கள். உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் வழக்கறிஞர் என்பதால், வெளியே ஒருவரைப் பாருங்கள். படிவத்தில் பொய் மட்டும் எழுதாதீர்கள். பொய் சொன்னது தெரிந்தால் அது தனிக் குற்றமாகி நிரந்தரத் தடைவரை போகும். மிட்டாயைவிடப் பெரிய சிக்கல்.

அட்டை எடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். மாநிலப் பதிவேடு இரகசியமானது, உண்மை. ஆனால் தோழி தந்த மிட்டாய் இரண்டு நாள் செய்தி. அட்டை என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஆவணம். ஐ-140 வரிசையில் நிற்கும் இந்தியருக்கு முன்னால் எத்தனை ஆண்டுக் காத்திருப்பு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை ஆண்டுக்கும் அந்த ஒரு கேள்விக்கான பதிலை ஏன் இன்னும் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டும்? நீங்கள் குடிமகளாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தின் பாதி தேவைப்பட்டிருக்காது. ‘எடுக்கலாம், ஆனால் முதலில் வேறு இரண்டைச் செய்யுங்கள்’ என்று முடித்திருப்பேன். உங்கள் நிலையில் ‘எடுக்க வேண்டாம்’ என்கிறேன்.

அட்டை இருப்பவர்களுக்கும் தெரியாத ஒன்று கார். பென்சில்வேனியாவில் இரத்தத்தில் டிஎச்சி தெரிந்தாலே போதையில் ஓட்டியதாக வழக்குப் போட முடியும். அட்டை அதற்கு விலக்குத் தராது. டிஎச்சியோ போதை தெளிந்த பிறகும் உடலில் நாள்கணக்கில் தங்கும் பொருள். நேற்றிரவு எடுத்துவிட்டு இன்று காலை மகளைப் பள்ளியில் விடப் போகிறவர் தன்னைத் தெளிவானவர் என்றுதான் நினைப்பார். இதில் விசாவும் கூடவே மாட்டிக்கொள்ளும். போதையில் ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல் விசாவை இரத்து செய்யும் வழக்கம் வெளியுறவுத் துறைக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் வேலி ஃபோர்ஜ் பூங்கா மத்திய அரசின் நிலம். அங்கே மாநில அட்டை செல்லாது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்வரும் வழியில் நியூஜெர்ஸியில் ஒரு பொட்டலம் வாங்கிப் பாலம் கடந்தால், அது மாநில எல்லை தாண்டிய கடத்தல். கேட்கச் சிரிப்பாக இருக்கும், சட்டத்தில் சொல் அதுதான்.

சரி, படபடப்புக்கு என்னதான் செய்வது?

உங்கள் பன்னிரண்டு நாளுக்குத் திரும்புகிறேன். எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் படபடப்பைக் கூட்டவும் செய்யும். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கசப்பான பகுதி முழுவதையும் அனுபவித்துவிட்டு, இனிக்கத் தொடங்குமுன் எழுந்துவிட்டீர்கள். இது உங்கள் தவறு அல்ல. எழுதித் தந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பீதி நோயுள்ளவருக்குப் பத்தில் தொடங்காமல் ஐந்தில் தொடங்கியிருக்கலாம். அதே மருத்துவரிடம் போய், ‘ஐந்து மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரம் கழித்து ஏற்றலாமா, இல்லை செர்ட்ராலின் 25இல் தொடங்கலாமா’ என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் காலையில் எடுங்கள். மிட்டாய் தின்றதையும் அவரிடம் சொல்லுங்கள். கஞ்சாவில் உள்ள அந்த முதல் சிபிடி, எஸ்சிட்டலோபிராமைக் கரைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து இரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். இரண்டையும் ஒன்றாக எடுக்கிறவர்கள் இது தெரியாமல், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையின் மீதே பழியைப் போடுகிறார்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம் பெண்களில் பதற்றம் என்று வருகிறவர்களில் சிலருக்கு இரத்தசோகையோ மிகைத் தைராய்டோ பின்னால் ஒளிந்திருக்கும்.

மருந்தோடு அந்த இரண்டாவது சிபிடி, பேச்சுச் சிகிச்சை. பன்னிரண்டு முதல் பதினாறு அமர்வுகள் பிடிக்கும். பீதி நோய்க்கு அதில் செய்வது விசித்திரமாக இருக்கும்: வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிட வைப்பார்கள், நாற்காலியில் சுற்றுவார்கள், படியேறி ஓடச் சொல்வார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதை உடம்புக்கே நேரில் காட்டும் வழி அது. தமிழிலேயே பேச ஆள் வேண்டும் என்றால் வீடியோவில் கிடைப்பார்கள். பென்சில்வேனியாவில் உரிமம் உள்ளவரா என்று மட்டும் பாருங்கள். காப்பீட்டுக்கு அது வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று நீங்கள் எழுதவில்லை. மென்பொருள் வேலை, தமிழ் வீடு. நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள்.

இனி விமானம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கஞ்சா குற்றம். சென்னை விமான நிலையத்தில் பென்சில்வேனியா அட்டையைக் காட்டினால் அது வெறும் பிளாஸ்டிக். வளைகுடா வழியாக மாறிச் சென்றால் அங்குள்ள சட்டம் வேறு. கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் சுங்க அதிகாரி முன் நிற்கும் படபடப்பை விமானப் படபடப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது ஐப்பசி. இந்த வாரமே மருந்தைத் தொடங்கினால், தை பிறக்கும்போது எட்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பலன் தெரியும் காலம். அப்படியும் பயணத்துக்கு மட்டும் ஏதாவது வேண்டுமென்றால், புராப்ரனலால் போன்ற ஒன்றை ஒரு வேளைக்கு எழுதித் தரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. மருந்துச் சீட்டோடு, புட்டியில் உங்கள் பெயரோடு கொண்டுபோனால் தொல்லையில்லை. நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். எழுந்து நடக்க முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பீதி வராது.

மருத்துவரிடம் போகும்போது ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளை நிரப்பக் கேளுங்கள். மொத்தம் 21 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ என்றால் சிகிச்சை வேண்டிய பதற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது எத்தனை வருகிறது என்று குறித்து வையுங்கள். எட்டாவது வாரம் அதே தாளை மறுபடி நிரப்பி, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். குறையவில்லை என்றால் அடுத்து என்ன மருந்து என்று பேசுவோம்.